இரவல் சாலை

மாட்டுவண்டி எல்லைப் பந்தயத்தின் தூரத்தை இன்னமும் மைலில்தான் சொல்கிறார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே பேராவூரணி, சேதுபாவாசத்திரம், அங்கிருந்து அறந்தாங்கி, மணமேல்குடி என்று கடல் பக்கமாக இறங்கிப்போனால், தை பிறந்ததும் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல், நடு மாட்டுக்கு 6 மைல், கரிச்சான், பூஞ்சிட்டு என்ற சின்ன மாட்டுப் பிரிவுகளுக்கு அதற்கும் குறைவு. சாலையோரக் கல்லெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மாட்டுக்கு மட்டும் மைல். அந்த 8 மைலை நல்ல ஜோடி முக்கால் மணிக்குள் ஓடி முடித்துவிடும். பார்க்கிறவனுக்கு அதுவும் இல்லை. நின்ற இடத்தில் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, இரண்டையும் கூட்டினாலும் சில நிமிஷம். இதற்காக முந்தின நாள் சாயங்காலமே மாட்டை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் கட்டிப்போட்டு, பாயோ சாக்கோ விரித்து ராத்திரி முழுக்கக் கிடக்கிறார்கள்.

எனக்கு அந்த ராத்திரியின் மேல்தான் கண். செய்தித்தாளில் பந்தயச் செய்தி கொடியசைப்பில் தொடங்கிப் பரிசுத்தொகையில் முடிந்துவிடும். எந்த ஊர் மாடு முதலாவது, எந்த ஊர் சாரதிக்குக் கொடிப் பரிசு என்பதெல்லாம் அதில் சரியாக இருக்கும். அதற்கு முந்தின எட்டு மணி நேரம் இருக்காது. அந்த எட்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் மீதி இருப்பது வெறும் வேகம். வேகத்தைப் பார்க்க மாட்டுவண்டி எதற்கு?

ஏன் முந்தின நாளே வருகிறார்கள் என்று கேட்டால் சொல்லும் காரணம் நேரானது. பந்தயம் விடியற்காலையில் தொடங்கியாகவேண்டும். வெயில் ஏறினால் தார் சுடும், மாடு மூச்சு வாங்கும். தேவகோட்டைப் பக்கத்திலிருந்தோ மதுரைப் பக்கத்திலிருந்தோ லாரியில் நின்றுகொண்டே வந்த மாட்டை இறக்கின கையோடு நுகத்தில் பூட்ட முடியாது. லாரியில் மாடு சும்மா நிற்பதாகத்தான் நமக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் நாலு காலையும் ஊன்றி அது வேலை செய்துகொண்டே வருகிறது. அந்த அலுப்பு இறங்க ஓர் இரவு வேண்டும். தீனியும் ஒரு கணக்கு. பருத்திக்கொட்டையும் உளுந்தும் தவிடும் சாயங்காலத்தோடு சரி. காலையில் வயிறு கனத்தால் மாடு ஓடாது. ஆகவே மாட்டின் உடம்புதான் இந்த முகாமை நடத்துகிறது. மனிதர்கள் அதைச் சுற்றிக் கிடக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாலை.

கார்ப் பந்தயக்காரர்களின் இடத்தோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று போர் முடிந்தபின் காலியாகக் கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட்டில்தான் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. நாடெங்கிலுமிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் கிளப்புக்கே சொந்தமான தடம் வந்தது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே செய்து, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிய கோயம்புத்தூர் கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரில் இருக்கிறது. இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை. ஓடுதளமாக இருந்தாலும் தடமாக இருந்தாலும், மதில் கட்டி, கேட் போட்டு, பால்காரனும் பள்ளிக்கூடப் பிள்ளையும் குறுக்கே வராத இடம். வாரக்கடைசியில் தன் காரை எடுத்துப்போய் அங்கே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர், சாலையில் செய்யக்கூடாததைச் செய்யத்தான் சாலையை விட்டுப் போகிறார்.

காவிரி டெல்டாவில் இது தலைகீழ். வயலுக்காகப் பிறந்த மாட்டை வயலிலிருந்து பிரித்துப் பொதுச்சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சாலையில் ஏழு மணிக்கு டவுன் பஸ் வரும், அதற்கு முன்னால் மீன் வண்டி, பால் வண்டி. ஊர் விழிப்பதற்குள் சாலையை இரவல் வாங்கி, ஓடி முடித்து, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவல் வாங்க வந்தவன் வீட்டுக்காரர் எழுந்திருக்கும்வரை திண்ணையில் காத்திருப்பதுபோலத்தான் இவர்கள் தோப்பில் காத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இந்த இரண்டு வழியும் பிரிந்த வருஷம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் பெருநிலத்தில் பொதுச்சாலையில் பந்தயம் விடச் சட்டம் இடம் தரவில்லை. 1907-இல் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸில் மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகின் முதல் தடத்தைக் கட்டினார்கள். அதே 1907-இல், தனக்கென்று தனிச் சட்டமன்றம் வைத்திருந்த மான் தீவு தன் சாலைகளை அடைத்துக் கொடுக்க, அங்கே மோட்டார்சைக்கிள் பந்தயம் தொடங்கியது. புரூக்லண்ட்ஸில் இன்று பந்தயம் இல்லை. மான் தீவில் இன்றும் வீட்டு வாசல்களையும் கல்சுவர்களையும் உரசிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று 37.73 மைல்; அவர்களும் மைலை விடவில்லை. பந்தயத்துக்காகச் சாலை அடைத்திருக்கும் நேரத்தில் உள்ளே வீடுள்ளவர்கள் எளிதில் வெளியே வர முடியாது, பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமை எத்தனை பேரைப் பலிகொண்டிருக்கிறது என்பது வேறு கணக்கு. இருநூறுக்கு மேல் ஓட்டுநர்கள் அந்தச் சாலையில் செத்திருக்கிறார்கள். இரவல் சாலை பாதுகாப்பான சாலை என்று நான் சொல்ல வரவில்லை.

நாமும் ஒருமுறை நகரத்துச் சாலையை இரவல் வாங்கிப் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருக்களில், இந்தியாவில் முதன்முறையாக இரவு நேரத் தெருப்பந்தயம். விளக்குகள் பகலைத் தோற்கடித்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை, அதன் மேல் வலை. அந்தச் சாலை அந்த இரண்டு நாளைக்குச் சாலையாகவே இல்லை. இருங்காட்டுக்கோட்டையைத் தூக்கிவந்து அண்ணா சாலை ஓரம் வைத்ததுபோல் ஆயிற்று. கட்டையை வைத்தால் அப்புறம் அது இரவல் ஆகாது, பறித்தது.

மறுபடி இரவுக்கு வந்தால், முகாமடிப்பதில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆளில்லை. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் இருக்கும் நூர்பர்க்ரிங்கில் 1970 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பல நாள் முன்பே வந்து, சாரம் கட்டி மேடை போட்டு, சோபா தூக்கிவந்து உட்காருகிறவர்கள் உண்டு. கார் போவது இருட்டில் இரண்டு விளக்காகத்தான் தெரியும். அவர்கள் போவதும் காருக்காக மட்டும் இருக்காது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, இங்கே எத்தனையோ பேர் செல்போனைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடந்தார்கள். ஒன்றுமே நடக்காத நீண்ட நடு இரவை ஒரு நட்சத்திரத்துக்காகத் தாங்கினார்கள். காருக்கு முன்னால் விழித்திருப்பது எல்லோருக்கும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் காரைப் பூட்டிவிட்டுத் தூங்கலாம். மாட்டைப் பூட்ட முடியாது.

தோப்புக்குள் பத்து மணிக்கு மேல் சத்தம் அடங்கும். கமிட்டிக்காரர்கள் கட்டின ஒற்றைக் குழல்விளக்கு ஒரு மூலையில். வேப்பிலைப் புகை கொசுவுக்கு. இரண்டு இரண்டாகத் தென்னை மரத்தில் கட்டின மாடுகள். ஆட்கள் பாதிப் பேர் படுத்திருப்பார்கள், தூங்கமாட்டார்கள். அந்த நேரத்தில் தோப்பில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்.

“என்ன மாமா, செவலை இன்னும் படுக்கலையா?”

“லாரி ஆட்டம் இன்னும் காலை விட்டுப் போவல மாப்ள. மயிலை படுத்துட்டா அதுவும் படுத்துரும்.”

மாடு முழுத் தூக்கம் தூங்குவது நாளுக்கு நாலு மணி நேரம் அளவுக்குத்தான், அதுவும் துண்டு துண்டாக. அசைபோடுவது ஏழெட்டு மணி நேரம், பெரும்பகுதி இரவில். இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இங்கே இல்லை. ஆனால் படுத்த மாட்டின் தாடை ஆடுகிறதா என்று டார்ச்சைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்து ஒருவர் பார்ப்பார். ஆடினால் நிம்மதியாகத் துண்டை உதறிப் போட்டுப் படுப்பார். அசைபோடாத மாடு பயந்திருக்கிறது, அல்லது வயிற்றில் கோளாறு, அல்லது காலில் வலி. எதுவானாலும் காலையில் அதைப் பூட்டக்கூடாது. பூட்டுகிறார்களா இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த மயிலையும் செவலையும் ஒரே வீட்டு மாடுகளாக இருக்கவேண்டும் என்பதில்லை. பரிசு அறிவிப்பை மைக்கில் கேட்டால் தெரியும்: ஒரு ஜோடிக்கு இரண்டு ஊர்ப் பெயர், இரண்டு ஆள் பெயர் வாசிப்பார்கள். ஒரு மாடு இவருடையது, இன்னொன்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருடையது, வண்டி மூன்றாமவருடையது, சாரதி நாலாவது ஆள். தனித்தனிக் கொட்டிலில் வளர்ந்த இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் ஒரே காலில் ஓட வைக்கவேண்டும். பழக்கிப் பார்த்திருப்பார்கள்தான். இருந்தாலும் பந்தயத்துக்கு முந்தின இரவு ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படும்படி கட்டிவைப்பதில் பிடிவாதமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு அது பயன்படுகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் ஒரே பாயில் உட்கார்ந்து விடியவிடியப் பேசுகிறார்கள். கல்யாணப் பேச்சு வரை போகும்.

ஒரே பாயில் உட்காருவார்கள் என்றேன். எல்லோரும் எல்லோரோடும் உட்கார்ந்துவிடுவதில்லை. நோட்டீஸில் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசை கட்டி நிற்கிற நாடு இது. மாட்டுக்காரர் நாற்காலியில், கயிறு பிடிக்கிற பையன் தரையில். பல சாரதிகள் கூலிக்கு ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். துணைச்சாரதியின் வேலை இன்னும் மோசம். வண்டியிலிருந்து குதித்து மாட்டோடு ஓடி, மறுபடி தாவி ஏறவேண்டும், கால் போனால் போனதுதான். பரிசு வாங்கும்போது மேடையில் மாட்டுக்காரர் நிற்பார். பெண்கள் இந்த இரவில் கிடையவே கிடையாது. வருஷம் பூராவும் அந்த மாட்டுக்குக் கழுநீர் வைத்துக் கொட்டில் கூட்டியது அவர்கள்தான் என்பதை மாடு மட்டும் நினைவு வைத்திருக்கும். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுவதால் இரவு கொஞ்சம் நாகரிகமாக இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தோப்பிரவை மட்டும் கொண்டாடினால் அது சினிமாப் பாட்டாகிவிடும்.

சந்தேகமும் இந்த இரவின் ஒரு பாதி. தண்ணீரைக் கேனில் ஊரிலிருந்தே கொண்டுவருகிறவர்கள் உண்டு. வேற்றாள் நீட்டின ஒரு பிடிப் புல்லைக்கூட மாட்டின் வாய்க்குப் போக விடமாட்டார்கள். கண்ணேறு பயம் வேறு. நெற்றியில் பொட்டும் கழுத்தில் கறுப்புக் கயிறும் அதற்குத்தான். இத்தாலியில் சியேனா நகரச் சதுக்கத்தில் ஜூலை 2-ஆம் தேதியும் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் குதிரைப் பந்தயம் நடக்கும். அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் குதிரை குலுக்கலில் விழுகிறது, விழுந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பேட்டையின் குதிரைப் பராமரிப்பாளன் லாயத்திலேயே குதிரையோடு படுத்துக்கொள்கிறான். எதிர்ப்பேட்டைக்காரன் எதையாவது ஊட்டிவிடுவானோ என்று காவல். கடல் தாண்டிப் போனாலும் பந்தய மிருகத்தின் பக்கத்தில் படுக்கிறவனின் பயம் ஒன்றுதான். இங்கே வேடிக்கை என்னவென்றால், புல்லை வாங்காதவன் கொசுவத்தியை வாங்கிக்கொள்கிறான். பூட்டாங்கயிறு அறுந்துபோனவனுக்கு நாளைக் காலையில் தன்னோடு மோதப்போகிறவனே கயிறு தருகிறான். கடையாணி தேடி இருட்டில் நாலு வண்டிக்காரர்கள் ஒன்றாகத் தரையைத் தடவுகிறார்கள்.

வியாபாரமும் நடக்கும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகு சந்தைகளில் குறைந்து வந்தாலும் இங்கே உயிரோடு இருக்கிறது. இருட்டில் துண்டு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பழக்கம். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி கேட்கிற விலைக்கும் மறுநாள் முதல் பரிசுக்குப் பிறகு சொல்கிற விலைக்கும் லட்சங்களில் வித்தியாசம். ராத்திரி விற்றவன் காலையில் அழுவதும், ராத்திரி விற்காதவன் காலையில் அழுவதும் சம அளவில் நடக்கிறது.

இந்தச் சாலைக்கு ராத்தங்கல் புதிதில்லை. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரை வழி இது. மராட்டிய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் முக்தாம்பாள் என்பவர் பெயரில் அமைத்த சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப்பெயரே சத்திரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தஞ்சை நாட்டை எடுத்துக்கொண்டபோது சரபோஜி விடாமல் மன்றாடிக் கேட்டவற்றில் இந்தச் சத்திரங்களும் உண்டு. யார் வந்தாலும் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பராமரிப்பு என்று அந்தச் சத்திரங்கள் நடந்தன. மாடு கட்டவும் அங்கே இடம் இருந்திருக்கும். நெல் வண்டிகளும் இரவில்தான் போகும். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆட, வண்டிக்காரன் மூட்டை மேல் தூங்க, முன் வண்டியைப் பார்த்துப் பின் வண்டி மாடு நடக்க, பத்துப் பன்னிரண்டு வண்டி சேர்ந்து விடியற்காலையில் மில் வாசலில் போய் நிற்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் எத்தனை மைல் என்பதைவிட எத்தனை சாமம் என்பதாகத்தான் வரும். சரபோஜி மல்லிப்பட்டினம் பக்கத்தில் நெப்போலியன் தோற்றதற்காக மனோரா கோபுரத்தைக் கட்டினார். இன்றைக்கு அந்தக் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சாலையில் ராத்தங்குகிறவர்கள் பந்தயக்காரர்கள் மட்டும்தான்.

பந்தயப் பருவம் எப்போது வருகிறது என்று பார்த்தால் அதன் தோற்றுவாய் தெரிந்துவிடும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பார்கள், ஜனவரி 28-இல் மூடுவார்கள். 1934-இல் மேட்டூர் முடிந்தபோது அதோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்தான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களை நெல் வயலாக்கியது. சம்பா அறுவடை தையில். அதன்பிறகு தண்ணீர் வரும்வரை மாட்டுக்கு வேலை இல்லை, மனிதனுக்கும் இல்லை. கோயில் திருவிழாக்கள் அந்த இடைவெளியில்தான் வரிசையாக வரும்; அவற்றோடு பந்தயமும். ஆக, உழுத மாட்டுக்கு ஓய்வுக்கால விளையாட்டாக இருந்தது இது. இப்போது உழவு டிராக்டரிடம், அறுப்பு மிஷினிடம். பந்தய மாடு வருஷம் முழுக்கப் பந்தய மாடு. ஏரைப் பார்த்ததே கிடையாது. மிஷின் அறுத்த வைக்கோல் நசுங்கிப்போய் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று கை அறுவடை வைக்கோலைத் தேடி அலைகிறார்கள், பந்தய மாட்டுக்குப் போட.

நான் பார்த்த தோப்புகளில் காங்கேயமும் மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகாரும் கலப்பும்தான் அதிகம். டெல்டாவின் சொந்த மாடு உம்பளச்சேரி. கன்று பிறக்கும்போது சிவப்பு, வளர வளரச் சாம்பல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் வெள்ளை. கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்பார்கள். குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு; சேற்றில் கால் புதையாமல் இழுப்பதற்கென்றே வந்ததுபோல் இருக்கும். அதன் திறமை நெடுஞ்சாலைக்குரியதில்லை. சேறு போனதும் அதுவும் குறைந்தது. கொருக்கை அரசுப் பண்ணையில் அந்த இனத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தோப்புகளும் பழைய தோப்புகள் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. பெரிய மரம் மிஞ்சிய தோப்பு எது என்பது பந்தயக் கமிட்டிக்காரர்களுக்கு அத்துப்படி. மாடு கட்ட அடிமரம் வேண்டுமே.

இனி சாட்டை. கமிட்டிக்காரர்கள் இந்தப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2011 ஜூலையில் மத்திய அரசு காட்சிப்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடை செய்தது. அந்த வருஷங்களில் தோப்புகள் சும்மா கிடந்தன. 2017 ஜனவரியில் மெரினாப் போராட்டம். அதன்பின் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் வரையறையில் ஜல்லிக்கட்டோடு மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வரிசையில் இல்லை. மகாராஷ்டிரச் சட்டம் வண்டிப் பந்தயத்துக்கென்றே வந்தது. இரண்டையும், கர்நாடகத்தின் சட்டத்தையும் 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றுக்கொண்டது. மெரினாவில் வண்டிக்காரர்களும் போய் நின்றார்கள். அவர்களைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு. ஏறு தழுவுதலுக்குக் கிடைத்த சங்க இலக்கியப் பெருமை தார்க்குச்சிக்குக் கிடைக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ராத்திரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மாடு அசைபோடுகிறதா என்று பார்த்த அதே ஆள், காலையில் கடைசி அரை மைலில் வாலைப் பிடித்து முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எது நிஜம் என்று கேட்டால் இரண்டும்தான். நீதிமன்றத்துக்குக் காலைதான் தெரிந்தது, பண்பாட்டுக் காவலர்கள் ராத்திரியை மட்டும் சொல்கிறார்கள். பாசம் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. பாசம் இருக்கிறது, வலியும் இருக்கிறது. சாட்டை இல்லாமலும் மாடு ஓடும், கொஞ்சம் மெதுவாக ஓடும். எல்லா மாடும் கொஞ்சம் மெதுவாக ஓடினால் முதலாவது வருகிற மாடு மாறப்போவதில்லை. இதை ஒரு சாரதியிடம் சொன்னேன். “நீங்க சொல்றது சரிதாண்ணே, ஆனா பக்கத்து வண்டிக்காரன் கையில இருக்கே?” என்றான். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை; கமிட்டியிடம் இருக்கிறது, கொடி காட்டும் முன் எல்லார் கையையும் பார்க்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

சாட்டையைவிட எனக்குப் பயம் பைக்குகள். வண்டிக்குப் பின்னால், பக்கத்தில், சில சமயம் முன்னால், ஹாரனை அழுத்திக்கொண்டு, பின்சீட்டில் ஒருவன் திரும்பி உட்கார்ந்து வீடியோ எடுக்க, ஐம்பது அறுபது பைக். போன மாடுகள் திரும்பி வரும் அதே சாலையில் இன்னும் போய்க்கொண்டிருக்கும் மாடுகளும் இருக்கும், நடுவில் இவர்கள். மாட்டை விரட்டுவது சாரதியா பைக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. ராத்திரி தோப்பில் தங்காதவர்கள்தான் பைக்கில் வருகிறார்கள் என்பது என் கணிப்பு. ஒரு மாட்டுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தவனுக்கு அதன் காதுக்குள் ஹாரன் அடிக்க மனசு வராது.

சாலைகளும் கைவிட்டுப் போகின்றன. நடுவில் தடுப்புச்சுவர் வைத்து அகலப்படுத்தின சாலையில் எல்லைப் பந்தயம் விட முடியாது. எல்லையில் திரும்ப இடம் கிடையாது. போலீஸ் அனுமதியும் உள்சாலைகளுக்குத்தான் சுலபம். அரசாங்கம் ஒரு தடம் கட்டிக் கொடுத்தால் என்ன, கார்க்காரர்களுக்கு இருக்கிறதே என்று இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டினால் பைக் உள்ளே வராது. அது பெரிய லாபம். டிக்கெட் வரும், ஷெட் வரும், நேர அட்டவணை வரும். பதினோரு மணி வெயிலிலும் பந்தயம் வரும், ஏனென்றால் சாலையைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய அவசரம் இருக்காது. பஸ் வரும் நேரம்தான் இன்றைக்கு மாட்டை வெயிலிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் எனக்குத் தடத்தில் நம்பிக்கை இல்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் கால்நடை மருத்துவர் வந்து மாடுகளைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தபிறகுதான் பூட்டவேண்டும் என்று நிபந்தனை. அவர் வருவது காலையில், கொடியசைக்க வந்தவர்கள் மாலையோடு நிற்கும்போது, ஸ்பீக்கர் அலறும்போது, எல்லா மாடும் மிரண்டு நிற்கும்போது. அந்த நேரத்தில் எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பணம் கட்டி, ஆள் கூட்டி வந்துவிட்ட மாட்டுக்காரரும் அப்போது பின்வாங்கமாட்டார். முந்தின ராத்திரி பதினோரு மணிக்குத் தோப்புக்கு வந்தாரானால் எந்த மாடு படுத்திருக்கிறது, எது படுக்காமல் கால் மாற்றிக்கொண்டே நிற்கிறது, எதன் தாடை ஆடவில்லை என்று ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரிந்துவிடும். அசைபோடாத மாட்டின் பெயரை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். விடியும்வரை நேரம் இருப்பதால் சண்டை போட்டு ஓய்ந்து சமாதானமாகவும் முடியும். அதற்குக் கமிட்டிக்காரர்கள் இன்னொரு கயிற்றுக் கட்டிலும் ஒரு பிளாஸ்க் டீயும் ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும்.